தூண்டில் மன்னர்கள் வெறுங்கையுடன் திரும்புவது ஏன்?

குளக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? மண்புழுவை முள்ளில் கோத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டு, தக்கை எப்போது அமிழும் என்று கண் கொட்டாமல் பார்த்திருப்பீர்கள். நேற்று இதே இடத்தில், இதே வேளையில் ஐந்தாறு மீன்கள் கிடைத்தன. இன்றோ பொழுது சாய்ந்தும் தக்கை அசையவில்லை. "இன்று யார் முகத்தில் விழித்தோமோ!" என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பீர்கள்.

உங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. தூண்டில் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களிடம் விரைவுப் படகு உண்டு. நீரடியில் இருப்பதைத் திரையில் காட்டும் எதிரொலிக் கருவி உண்டு. பெட்டி பெட்டியாகச் செயற்கை இரைகள் உண்டு. இத்தனை இருந்தும் அவர்களும் பல நாட்களில் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். அதுவும் லட்சக்கணக்கான டாலர் பரிசு காத்திருக்கும் போட்டி நாளில்! இது ஏன் நிகழ்கிறது? விடையைத் தேடிப் புறப்பட்டால், நீரைப் பற்றியும் மீனைப் பற்றியும் பல உண்மைகள் நமக்குக் கிடைக்கும்.

போட்டி எப்படி நடக்கிறது?

இந்தப் போட்டிகளின் நாயகன் 'பாஸ்' என்னும் நன்னீர் மீன். வட அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது. இதில் பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் முதலிய இனங்கள் உண்டு. நம் ஊர் விராலைப் போலவே இதுவும் பிற மீன்களையும் தவளைகளையும் வேட்டையாடி உண்ணும். விராலைப் போலவே முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பெருவாய்ப் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ எடை இருந்தது. அதற்கு ஈடான மீன் 77 ஆண்டுகள் கழித்து, 2009இல்தான் ஜப்பானின் பிவா ஏரியில் அகப்பட்டது.

1967 ஜூன் மாதம் ரே ஸ்காட் என்பவர் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டி ஒரு பாஸ் போட்டி நடத்தினார். இன்றைய தொழில்முறைப் போட்டிகளுக்கு அதுவே வித்து. 1971 முதல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' என்ற உச்சப் போட்டி நடந்து வருகிறது.

விதிகள் எளியவை. உயிருள்ள இரை கூடாது. செயற்கை இரை மட்டுமே. ஒரு நாளில் எத்தனை மீன் பிடித்தாலும், குறித்த நீளத்துக்குக் குறையாத ஐந்து மீன்களை மட்டுமே எடைக்குக் கொண்டுவரலாம். படகிலுள்ள தொட்டியில் அவற்றை உயிருடன் வைத்திருந்து, எடை பார்த்தபின் மீண்டும் நீரில் விட்டுவிட வேண்டும். மூன்று நாள் போட்டி என்றால் மொத்தம் 15 மீன்கள். அவற்றின் எடைக் கூட்டலே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்.

ஏழு மாதத்தில் இரண்டு போட்டிகள்

இப்போது இரண்டு போட்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2005 ஜூலை இறுதியில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. அங்கே அலெகேனி, மொனாங்கஹேலா என்னும் இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகின்றன. வென்றவர் கெவின் வான்டாம். மூன்று நாளிலும் அவர் சேர்த்த எடை 12 பவுண்டு 15 அவுன்ஸ், அதாவது 5.9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு! இரண்டாம் இடம் பெற்றவரை அவர் முந்தியது 6 அவுன்ஸில். சுமார் 170 கிராம் என்க. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெற்றி எடை இதுதான். வென்றவர் நிலையே இதுவென்றால், மற்றவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

அடுத்த கிளாசிக் போட்டி 2006 பிப்ரவரியில் புளோரிடா மாநிலத்தின் டோஹோபெகலிகா ஏரியில் தொடங்கியது. வென்ற லூக் கிளாசன் சேர்த்த எடை 56 பவுண்டு 2 அவுன்ஸ், சுமார் 25.5 கிலோ. முந்தைய வெற்றி எடையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்!

ஏழே மாதத்தில் மனிதர்களின் கைத்திறன் நான்கு மடங்கு பெருகிவிடுமா? பெருகாது அல்லவா? அப்படியானால் மாறியது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று பார்ப்போம்.

மீனின் உடலே ஒரு வெப்பமானி

மனித உடலின் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை. அது குளிர் இரத்தப் பிராணி. நீரின் வெப்பம் எதுவோ, அதுவே அதன் உடல் வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால், உடலில் நிகழும் வேதிமாற்றங்களின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. செரிமானம் மந்தமாகும், பசி குறையும், இரையைத் துரத்தும் வேகமும் தளரும். பாஸ் மீனுக்கு 20 முதல் 30 டிகிரி வரை சுறுசுறுப்பான காலம். 10 டிகிரிக்குக் கீழே நீர் குளிர்ந்தால் அது உண்பதை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். அப்போது அதன் மூக்குக்கு நேரே இரையை ஆட்டினாலும் அது அசையாமல் இருந்துவிடக் கூடும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் குளிர்காலம் நீண்டது. ஆண்டில் சில மாதங்கள்தான் பாஸ் நன்றாக உண்டு வளர முடியும். புளோரிடாவிலோ ஏறத்தாழ ஆண்டு முழுவதும் வளர்ச்சிக் காலம். அங்குள்ள பாஸ் வகையும் இயல்பாகவே பெரிதாக வளரக்கூடியது. மேலும் புளோரிடாவில் பிப்ரவரி மாதம் இனப்பெருக்கப் பருவம். முட்டை சுமந்த பெரிய பெண் மீன்கள் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வந்து சேர்கின்றன. தூண்டிலுக்கு எட்டும் தூரத்தில் நிற்கின்றன. ஆக, போட்டி தொடங்கும் முன்பே நீரும் பருவமும் எடையின் எல்லையை ஓரளவு வகுத்துவிட்டன எனலாம்.

நீருக்குள் மாடி வீடு

மீன் நீரில் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆழமான ஏரி ஒரு மாடி வீடு போன்றது. கோடையில் வெயில் பட்டு மேல்நீர் சூடாகிறது. சூடான நீர் இலேசானது. ஆகவே மேலேயே மிதக்கிறது. குளிர்ந்த, கனமான நீர் அடியில் தங்குகிறது. இரண்டுக்கும் இடையே, சில மீட்டர் ஆழத்துக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உண்டு. இதற்கு வெப்பச்சரிவு அடுக்கு என்று பெயர்.

இந்த அடுக்கு ஒரு மூடிபோல் செயல்படுகிறது. காற்றிலிருந்து மேல்நீரில் கரையும் ஆக்சிஜன் அடிநீருக்குச் சென்று சேர்வதில்லை. அடியில் மக்கும் இலைதழைகள் அங்குள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் குறைந்தால் பாஸ் தவிக்கத் தொடங்கும். அந்த இடத்தை விட்டு விலகும்.

மேல்நீரில் மட்டும் எல்லாம் சுகமா? அதுவும் இல்லை. நீர் சூடாக ஆக, அதில் கரையக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது. 0 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 14.6 மில்லிகிராம் கரையும். 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். மீனின் தேவை கூடும் வேளையில் இருப்பு குறைகிறது! ஆகவே கோடையில் மீன்கள் மேலே வெப்பத்துக்கும் கீழே மூச்சுத் திணறலுக்கும் இடைப்பட்ட ஓர் அடுக்கிலோ, நிழலும் நீரோட்டமும் உள்ள மூலைகளிலோ ஒதுங்குகின்றன. நேற்று மீன் இருந்த இடத்தில் இன்று வெறும் நீர் மட்டுமே இருக்கலாம். ஒரு காற்று, ஒரு மழை, அணையில் திறந்துவிடும் நீர் ஆகியவை இந்த ஏற்பாட்டை ஒரே இரவில் கலைத்துவிடும். பயிற்சி நாளில் மீன்களைக் கண்டுவைத்த வீரர், போட்டி நாளில் அதே இடத்துக்கு விரைந்து சென்று ஏமாறுவதற்கு இது முக்கியக் காரணம்.

காற்றழுத்தத்தின் மேல் பழி

மீன் கடிக்காத நாளில் பலரும் காற்றழுத்தமானியின் மேல் பழி போடுவார்கள். "அழுத்தம் ஏறிவிட்டது, மீன் வாயை மூடிக்கொண்டது" என்பார்கள். இதை ஒரு சிறு கணக்கால் சோதிப்போமா?

வானிலை மாறும்போது காற்றழுத்தம் 20 அல்லது 30 மில்லிபார் அளவுக்கு மாறலாம். நீருக்குள் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் கூடுகிறது. ஆகவே 30 மில்லிபார் மாற்றம் என்பது மீன் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவாக மேலோ கீழோ நகர்வதற்குச் சமம்! ஒரு நாளில் எத்தனையோ முறை அப்படி ஏறி இறங்கும் மீன், மெல்ல மெல்ல நிகழும் இந்த மாற்றத்தைக் கண்டு பட்டினி கிடக்கும் என்று எண்ணுவது கடினம். ஆனால் அழுத்தம் மாறும்போது மேகமும் வெயிலும் காற்றும் நீரின் வெப்பமும் கூடவே மாறுகின்றன. மீனின் நடத்தையை மாற்றுவது பெரும்பாலும் அவையாகவே இருக்க வேண்டும். இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. அறிவியல் பயில்வோர் மறக்கக் கூடாத பாடம் இது.

ஒருமுறை பட்ட மீன்

சரி, மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. எதிரொலிக் கருவியின் திரையில் மீன்கள் தெரிகின்றன. இருந்தும் கடிக்கவில்லை. ஏன்?

மீன் மறதி மிக்கது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது உண்மையன்று. நெதர்லாந்து நாட்டின் பியூகெமா என்னும் ஆராய்ச்சியாளர் 1970இல் கெண்டை மீன்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே ஒருமுறை முள்ளில் மாட்டிய கெண்டை, அதன்பின் நெடுநாள் தூண்டிலைத் தவிர்ப்பதை அவர் கண்டார். போட்டி நடக்கும் புகழ்பெற்ற ஏரிகளில் நாள்தோறும் எத்தனையோ பேர் தூண்டில் வீசுகிறார்கள். அங்குள்ள மீன்களில் பல இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்தவை.

படிப்பு மட்டுமல்ல, பிறவிக் குணமும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்ற ஆராய்ச்சி ஏரி இருக்கிறது. அங்கே பிடிபட்ட ஒவ்வொரு பாஸ் மீனுக்கும் அடையாளமிட்டு, குறித்து வைத்து, திரும்ப விட்டார்கள். ஒரு மீன் முதல் இரண்டு நாளிலேயே மூன்று முறை மாட்டியது. இன்னொன்று ஒரே ஆண்டில் 16 முறை மாட்டியது! நான்கு ஆண்டுகள் கழித்து ஏரியை வடித்துப் பார்த்தார்கள். 1,700க்கும் மேற்பட்ட மீன்கள் இருந்தன. அவற்றுள் சுமார் 200 மீன்கள் அந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தூண்டிலில் மாட்டாதவை.

அடிக்கடி மாட்டியவற்றைத் தனியாகவும், மாட்டாதவற்றைத் தனியாகவும் வளர்த்து மூன்று தலைமுறை இனப்பெருக்கம் செய்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை இரு குழுக்களுக்கும் இடையேயான வேறுபாடு அகன்றுகொண்டே போயிற்று. 2009இல் வெளியான இந்த ஆய்வின் முடிவு: தூண்டிலில் எளிதில் சிக்கும் தன்மை ஓரளவு மரபு வழியாக வருகிறது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எளிதில் சிக்கும் மீன்கள் எப்படிப்பட்டவை? பாஸ் இனத்தில் கூட்டைக் காப்பவன் தந்தை. முட்டைகளை நெருங்கும் எதையும் அவன் பாய்ந்து விரட்டுவான். இரு குழுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், எளிதில் சிக்கும் குழுவின் ஆண் மீன்களே கூட்டை அதிக அக்கறையுடன் காப்பவை என்று தெரிந்தது. நல்ல தந்தையே தூண்டிலிலும் பாய்கிறான்! அவனைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் சிறு மீன்கள் முட்டைகளைச் சூறையாடிவிடும். ஆகவே பிடித்த மீனை எல்லாம் கொண்டுபோகும் ஏரியில், துணிவும் பாசமும் மிக்க மீன்கள் முதலில் குறைகின்றன. கூச்சமும் மந்தமும் உள்ளவை எஞ்சுகின்றன. அடுத்த தலைமுறை அவற்றிலிருந்தே பிறக்கிறது. இன்று வெறுங்கையுடன் திரும்பும் ஒருவர், தமக்கு முன் பல்லாண்டுகள் பிடித்தவர்கள் விட்டுச்சென்ற விளைவையும் சேர்த்தே அனுபவிக்கிறார். ரே ஸ்காட் 1972 முதல் பிடித்த மீனை உயிருடன் விடும் வழக்கத்தைத் தம் போட்டிகளில் வற்புறுத்தியது நல்ல செயலே. ஆனால் கூட்டுப் பருவத்தில், எடை பார்க்கக் கொண்டுபோகும் அந்தச் சில மணி நேரமே முட்டைகளுக்கு ஆபத்தாகலாம். இதனால் கூட்டுப் பருவத்தில் பாஸ் பிடிப்பதைச் சில இடங்களில் சட்டமே கட்டுப்படுத்துகிறது.

பகடை சொல்லும் உண்மை

வெப்பம், ஆக்சிஜன், அனுபவம், மரபு எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் ஏமாற்றம் முற்றிலும் நீங்கிவிடுமா? இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பகடை போதும்.

பகடையை 18 முறை உருட்டுங்கள். இது ஒரு போட்டி நாள். 6 விழுந்தால் ஒரு மீன். மற்ற எண் விழுந்தால் வெறும் வீச்சு. சராசரியாக ஒரு நாளைக்கு மூன்று மீன் கிடைக்க வேண்டும். ஆனால் எல்லா நாளும் மூன்றே கிடைக்குமா? கணக்கிட்டுப் பார்த்தால், 100 நாளில் சுமார் 17 நாட்கள் ஐந்தோ அதற்கு மேலோ கிடைக்கும். அதேபோல் சுமார் 17 நாட்கள் ஒன்றுதான் கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. முற்றிலும் வெறுங்கையாகத் திரும்பும் நாட்கள் மட்டும் நான்கு. பகடை அதேதான், உருட்டும் கையும் அதேதான். ஆனால் ஐந்து மீன் நாளில் பார்ப்பவர்கள் "மேதை!" என்பார்கள்; வெறுங்கை நாளில் "கை மங்கிவிட்டது" என்பார்கள்.

அப்படியானால் திறமைக்கு இடமே இல்லையா? உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் திறமை ஒரு நாளில் தெரியாது. பல நாட்களின் கூட்டலில்தான் தெரியும். பிட்ஸ்பர்க்கில் சொற்ப எடையுடன் வென்ற அதே வான்டாம் 2001, 2005, 2010, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளில் கிளாசிக் பட்டம் பெற்றவர். முழு ஆண்டுப் போட்டிகளையும் கூட்டிப் பார்த்துத் தரும் 'ஆண்டின் சிறந்த வீரர்' பட்டத்தை ஏழு முறை வென்றவர். தற்செயல் ஒருவரை ஒருமுறை உயர்த்தலாம். இத்தனை முறை உயர்த்தாது. நீரின் குறிப்புகளைப் படித்து, பகடையில் 6 விழும் வாய்ப்பைச் சற்றே கூட்டிக்கொள்வதுதான் திறமை. வாய்ப்பு கூடினாலும் வெறுங்கை நாட்கள் குறையுமே தவிர, மறைந்துவிடா.

ஆகவே, அடுத்த முறை குளக்கரையில் தக்கை அசையாத நாளில் யார் முகத்தில் விழித்தோம் என்று தேடாதீர்கள். ஒரு குறிப்பேட்டை எடுங்கள். நாள், நேரம், நீரின் வெப்பம், வெயிலா மேகமா, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் முள்ளை இறக்கினீர்கள் என்பவற்றை எழுதுங்கள். மீன் கிடைத்த நாளில் மட்டுமல்ல, கிடைக்காத நாளிலும் தவறாமல் எழுத வேண்டும். ஐம்பது நாள் குறிப்பு சேர்ந்தபின் திருப்பிப் பாருங்கள். அன்று வெறும் ஏமாற்றமாகத் தோன்றிய நாட்களும், மீன் எங்கே இல்லை, எப்போது கடிக்காது என்பதை உங்களுக்குச் சொல்லும்.